கல்லுக்குள் ஒரு காம்பு

ரஷ்யாவின் கலூகா வட்டாரத்தில் கிடைத்த ஒரு கல்லின் படம் இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்லில் திருகாணி ஒன்று பதிந்திருப்பதாகத் தோன்றும். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே இயந்திர நாகரிகம் இருந்தது என்கிறது ஒரு கூட்டம். வேற்றுக்கிரகவாசிகள் விட்டுச் சென்றது என்கிறது இன்னொரு கூட்டம். கல்லின் வயதைப் பொறுத்தவரை இருவருமே அதிகம் தவறிவிடவில்லை. அந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கற்கள் கார்பானிஃபெரஸ் காலத்தவை, 30 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. கோளாறு திருகாணியில் இருக்கிறது. தொல்லுயிர் எச்சங்களோடு பழகியவர்கள் அதைப் பார்த்ததும் ‘கடல் அல்லி’ என்று சொல்லிவிடுவார்கள்.

திருகாணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஓர் ஊசி போதும். திருகாணியின் மரை ஒரே வரியாகச் சுற்றிச் சுற்றி மேலேறும். மரைப் பள்ளத்தில் ஊசி முனையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் அடுத்த வரிசைக்குப் போய்விடும். கடல் அல்லியின் ‘திருகாணி’யில் ஊசி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். அங்கே இருப்பது மரை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் தனித்தனி வளையங்கள். இங்கிலாந்தின் டெர்பிஷையரில் இத்தகைய கற்கள் ஏராளம். அவற்றை ‘டெர்பிஷையர் திருகாணி’ என்றே அழைத்தார்கள். அது காம்பு கூட அல்ல, காம்பின் அச்சு. காம்பின் நடுத்துளையிலும் அதை ஒட்டிய இடுக்குகளிலும் சேறோ சிலிக்காவோ புகுந்து இறுகிவிடுகிறது. பிற்பாடு காம்பின் சுண்ணாம்பு நீரில் கரைந்து போக, உள்ளே இறுகியது மட்டும் மிஞ்சுகிறது.

பூக்காத அல்லி

கடல் அல்லி ஒரு விலங்கு. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவை அடங்கிய முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தது. கடல் தரையைப் பற்றி நிற்கும் நீண்ட காம்பு, அதன் உச்சியில் கிண்ண வடிவ உடல், உடலின் விளிம்பில் இறகு விரித்த கைகள் என்பது அதன் அமைப்பு. நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுணவைக் கைகள் பிடித்து, மேல்நோக்கித் திறந்த வாய்க்கு அனுப்புகின்றன. சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவீசியன் காலப் பாறைகளிலேயே இந்தக் குலம் தலைகாட்டிவிட்டது. இன்றும் அழியவில்லை. காம்போடு வாழும் இனங்கள் இப்போது பெரும்பாலும் 100 மீட்டருக்குக் கீழே ஆழ்கடலில் இருக்கின்றன. குஞ்சுப் பருவம் முடிந்ததும் காம்பை உதறிவிட்டுத் திரியும் உறவினர்களான இறகு நட்சத்திரங்களை ஆழம் குறைந்த பவளப்பாறைகளில் பார்க்கலாம். நம் மன்னார் வளைகுடாவிலும் அவை உண்டு.

ஓட்டைக் காலணாக்களை அடுக்கி, ஓட்டை வழியே ஒரு கயிற்றைக் கோத்தால் எப்படியிருக்கும்? கடல் அல்லியின் காம்பு ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு காசும் சுண்ணாம்பாலான ஒரு வில்லை. துளை வழியாக ஓடுவது நரம்பும் உடற்குழியின் நீட்சியும். வில்லைகளை ஒன்றோடொன்று கட்டி வைப்பவை இணைப்பு நாண்கள். காம்பில் தசை கிடையாது. விலங்கு செத்தால் சில நாட்களில் நாண்கள் அழுகி, கட்டு அவிழ்ந்து, வில்லைகள் கடல் தரையில் சிதறிவிடும். ஒரே விலங்கின் எலும்புக்கூடு ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்துபோகும். திடீரென்று சேறு சரிந்து மூடினால்தான் முழு உடலும் கைகளும் தப்பும். அது அபூர்வம். ஆகவே கல் பொறுக்கப் போகிறவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் தனி வில்லை, அதிர்ஷ்டமிருந்தால் ஐந்தாறு வில்லைகள் ஒட்டிய காம்புத் துண்டு.

கார்பானிஃபெரஸ் காலக் கடல்களில் இவை அடர்ந்து செழித்தன. மலைமலையாகக் கிடக்கும் சில சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் பெரும்பங்கு இந்த வில்லைகளே. அதைவிடப் பழைய ஆர்டோவீசியன் கடலின் தரைதான் இன்று எவரெஸ்டின் உச்சி. அந்த உச்சிப் பாறையிலும் கடல் அல்லித் துணுக்குகள் இருக்கின்றன.

இவ்வளவு மலிவாகக் கிடக்கும் ஒரு பொருளுக்கு மக்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இவற்றுக்குப் ‘புனித கத்பர்ட்டின் மணிகள்’ என்று பெயர். 687-இல் இறந்த அந்தத் துறவி இரவில் பாறைமேல் உட்கார்ந்து ஜெபமாலை மணிகளைத் தட்டி உருவாக்குகிறார் என்பது நம்பிக்கை. ஆனால் கதையின் எழுத்துச் சான்றுகள் 17-ஆம் நூற்றாண்டுக்கு முன் போகவில்லை. வால்டர் ஸ்காட் 1808-இல் தம் ‘மார்மியன்’ கவிதையில் எடுத்தாண்டபின் அது நாடெங்கும் பரவியது. ஜெர்மனியில் இவை ‘போனிஃபேஸின் காசுகள்’. ஜார்ஜ் அக்ரிகோலா 1546-இலேயே இவற்றை வகை பிரித்துப் பெயரிட்டார். எந்த உயிரின் பாகம் என்பது மட்டும் விளங்கவில்லை. 1670-களில் மார்ட்டின் லிஸ்டர் இவற்றைப் பாறைச் செடிகள் என்று எண்ணி விரிவாகப் படம் வரைந்து விவரித்தார். 18-ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவிலிருந்து காம்போடு கூடிய கடல் அல்லி ஒன்று பாரிசுக்கு வந்து, குவெட்டார் அதை ஆராய்ந்தபோதுதான் கல்லில் இருப்பதன் வாரிசு கடலில் உயிரோடிருப்பது புரிந்தது. 1821-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த மில்லர் இந்தக் குலத்துக்குக் ‘கிரினாய்டியா’ என்ற அறிவியல் பெயரைக் கொடுத்தார்.

கையில் ஒரு துண்டு

கிடைத்த துண்டு கடல் அல்லிதானா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச் விளக்கு போதும். வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்க வேண்டாம். சுற்றியுள்ள கல்லும் சுண்ணாம்பு, வில்லையும் சுண்ணாம்பு. அமிலம் இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முதலில் உடைந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிப்பியின் ஓடு எண்ணற்ற நுண்படிகங்கள் சேர்ந்தது. முட்தோலிகளின் கதை வேறு. கடல் அல்லியின் ஒவ்வொரு வில்லையும் முழுக்க முழுக்க ஒரே கால்சைட் படிகம். உயிரோடிருக்கும்போது அந்தப் படிகம் சல்லடைக் கண்களாகத் துளைத்திருக்கும், கண்களில் சதை நிறைந்திருக்கும். புதைந்தபின் நிலத்தடி நீரிலிருந்து படியும் கால்சைட் பழைய படிகத்தின் திசையிலேயே வளர்ந்து துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் தொல்லுயிர் வில்லை உடையும்போது தாறுமாறாக நொறுங்காது, கால்சைட்டுக்கே உரிய சாய்ந்த தளங்களில் வழவழவென்று பிளக்கும். வெயிலில் கல்லை மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் உடைந்த முகம் முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி, அடுத்த கணம் அணைந்துவிடும். சுற்றியுள்ள கல் மங்கலாகவே இருக்கும். துண்டு சிலிக்காவாக மாறிப்போயிருந்தால் இந்த மின்னல் இராது. மற்றபடி, மின்னியது முட்தோலி என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது நடுத்துளை. துளை வட்டமாக இருக்கலாம்; பல நேரம் ஐந்து இதழாகவோ ஐந்து முனை நட்சத்திரமாகவோ இருக்கும். முட்தோலிகளின் உடலே ஐந்தைந்தாகப் பங்கிட்டது. உடலின் அடியிலிருந்து காம்புக்குள் இறங்கும் குழல்களும் அந்தக் கணக்கையே பின்பற்றுகின்றன. சேறு அடைத்திருந்தாலும் நிற வேறுபாட்டால் துளையின் வடிவம் தெரியும்.

மூன்றாவதாக, தட்டை முகத்தில் டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். விளிம்பிலிருந்து மையம் நோக்கி ஓடும் வரப்புகள் நிழல் கட்டி எழும். ஒரு வில்லையின் வரப்பு அடுத்த வில்லையின் பள்ளத்தில் அமரும். காம்பு முறுக்கிக்கொள்ளாமலும் வில்லைகள் நழுவாமலும் இருக்க இந்த ஏற்பாடு. கொஞ்சம் வளைய மட்டும் இடம் கொடுக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு வில்லைகள் சேரும் கோடு நேராக ஓடாமல் நெளிநெளியாகப் போவதும் இதனால்தான்.

ஏமாற்றும் கற்களும் உண்டு. கொம்புப் பவளத்தின் குறுக்குவெட்டில் ஆரக்கால் கோடுகள் தெரியும். ஆனால் அது ஒரு முனையில் கூர்ந்து போகும், தனி வில்லைகளாகப் பிரியாது, ஒரே மின்னலாக மின்னாது. நேரான ஓடுள்ள பழைய நாட்டிலாய்டுகளிலும் அடுக்கடுக்கான தடுப்புகள் இருக்கும். அவை சாசர் வடிவில் குழிந்தவை, வரப்பு இல்லாதவை. அரியலூர் வட்டாரத்தில் காரை என்ற ஊருக்குப் போனவர்கள் துப்பாக்கிக் குண்டின் வடிவில் பெலம்னைட் எச்சங்களைப் பார்த்திருக்கலாம். அவை உடைந்தால் மையத்திலிருந்து விளிம்புக்கு ஊசி ஊசியாகக் கால்சைட் இழைகள் ஓடும். மிக நெருங்கிய போலி கடல் முள்ளெலியின் முள். அதுவும் முட்தோலியாதலால் அதே மின்னல் மின்னும். ஆனால் முள்ளில் இணைப்புக் கோடு இருக்காது. அடி முனையில் மூட்டுக்கான குழி இருக்கும்.

இத்தனையும் தேறினாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பழங்கடல்களில் காம்பு வைத்திருந்த முட்தோலிகள் கடல் அல்லிகள் மட்டுமல்ல. பிளாஸ்டாய்டுகளும் சிஸ்டாய்டுகளும் இதே மாதிரிக் காம்புகளில் நின்றன, பெர்மியன் காலம் முடிவதற்குள் அழிந்துபோயின. அந்தக் காலங்களின் பாறையில் தனி வில்லை ஒன்று கிடைத்தால், ‘காம்புள்ள முட்தோலி’ என்று நிறுத்திக்கொள்வதே சில நேரம் சரி.

பெயர் ஏன் கிடைப்பதில்லை

கல்லோடு வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ‘இது என்ன இனம்?’ என்பது. பெரும்பாலும் பதில் கிடையாது. கடல் அல்லி இனங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் உடலையும் கைகளையும் பார்த்து வைத்தார்கள். காம்பை எண்ணி அல்ல. தொடர்பில்லாத குடும்பங்களில் ஒரே மாதிரி வட்ட வில்லைகள் உருவாகியிருக்கின்றன. அதோடு, ஒரே விலங்கின் காம்பிலேயே தலையை ஒட்டிய வில்லை ஒரு மாதிரி, அடியிலிருக்கும் வில்லை வேறு மாதிரி. 1968-இல் கன்சாஸில் ரேமண்ட் மூரும் ரஸல் ஜெஃப்ஃபர்ட்ஸும் உதிரி வில்லைகளுக்கென்றே தனிப் பெயரமைப்பு ஒன்றை முன்வைத்தார்கள். காம்புக்கு ஒரு பெயர், தலைக்கு ஒரு பெயர் என்று ஒரே விலங்கு இரட்டைப் பெயரோடு திரியும் சங்கடம் அதில் உண்டு.

என்றாலும் சில வடிவங்கள் வாய் திறந்து பேசும். வில்லையின் வட்டம் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து, துண்டுகளுக்கிடையே கோடு தெரிந்தால், அது பழையது. இக்குலத்தின் தொடக்க காலங்களில்தான் அத்தகைய காம்புகள் மிகுதி. ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில் டெவோனியன் பாறைகளில், நடுத்துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் கொண்ட வில்லை கிடைத்தால் அது குப்ரெஸ்ஸோகிரினைட்டஸ். நீள்வட்ட வில்லையில் நீளவாக்கில் ஒரே ஒரு வரப்பு ஓடினால் பிளாட்டிகிரினைட்டஸ் வகையறா. இந்தக் கடைசி வகை பொறியியல் விந்தை. மேல் முகத்து வரப்பும் கீழ் முகத்து வரப்பும் ஒரே திசையில் இருக்காது, சற்றே திரும்பியிருக்கும். ஒரு வரப்பின்மேல் அடுத்த வில்லை இரு பக்கம் மட்டுமே சாய முடியும். ஆனால் வில்லைக்கு வில்லை திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் மொத்தக் காம்பும் முறுக்கிய நாடாவாகி, எந்தப் பக்கமும் வளைய வல்லதாகிவிடுகிறது.

நட்சத்திர வடிவ வில்லைகள் ஜுராசிக் பாறைகளின் அடையாளம். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ், சார்மவுத் கடற்கரைகளில் பொறுக்குகிறவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். அங்குள்ள பென்டாகிரினைட்டஸ் கூட்டங்கள் மிதக்கும் மரக்கட்டைகளில் தொற்றித் தலைகீழாகத் தொங்கி வாழ்ந்தவை. அதே பழக்கமுள்ள சைரோகிரினஸ் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில் பல மீட்டர் நீளக் காம்புகளோடு முழுதாகக் கிடைத்திருக்கிறது.

துண்டு சொல்லும் வாழ்க்கை

இனத்தின் பெயரைச் சொல்லாத துண்டு, அந்த விலங்கு வாழ்ந்த விதத்தைப் பற்றி நிறையச் சொல்லும். காம்பு வளரும்போது புது வில்லைகள் தலைக்கு நேர் கீழே பிறக்கின்றன; பின்னர் அவற்றுக்கு இடையிடையே மேலும் வில்லைகள் முளைக்கின்றன. ஆகவே பெரிது, சிறிது, நடுத்தரம், சிறிது, பெரிது என்று மாறி மாறி வரும் மெல்லிய வில்லைகள் கொண்ட துண்டு தலைக்கு அருகிலிருந்து வந்தது. எல்லா வில்லையும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால் அது முதிர்ந்த அடிப்பகுதி.

ஐந்து இதழ் முகமுள்ள ஐசோகிரினஸ் வகைத் துண்டுகளில் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சிலவற்றில் ஒரு முனை இதழிதழாகச் செதுக்கியிருக்க, மறுமுனை கிட்டத்தட்ட மழமழவென்று இருக்கும். அங்கே இணைப்பு வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வகையில் இன்று வாழும் இனங்கள், ஆபத்து வந்தால் அந்த இடத்தில் காம்பைத் துண்டித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பஹாமாஸ் அருகே 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் காம்புள்ள கடல் அல்லி ஒன்று கைகளால் தரையைப் பற்றி இழுத்து, காம்பை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் காட்சியை டோமாஸ் பாமில்லரும் சார்லஸ் மெசிங்கும் 2005-இல் வெளியிட்டபோது, நின்ற இடத்திலேயே நிற்கும் விலங்கு என்ற பாடப்புத்தகப் படிமம் கலைந்தது. கடல் முள்ளெலிகள் இவற்றைத் தின்னும் என்பதால், தப்பியோடுவதற்கே இந்த வித்தை என்று அவர்கள் கருதினார்கள். மழமழ முனையுள்ள ஒரு ஜுராசிக் துண்டு அப்படித் துண்டிக்கப்பட்டதாகவும் இருக்கலாம், செத்தபின் அதே பலவீனத்தில் பிரிந்ததாகவும் இருக்கலாம்.

சில காம்புகளில் ஓரிடத்தில் வீக்கமும் அதன் நடுவே குழியும் இருக்கும். பொறுக்குகிறவர்கள் இதைச் சேதம் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. ஒதுக்கக் கூடாத துண்டு அதுதான். செத்த சுண்ணாம்பு வீங்காது. ஏதோ ஓர் ஒட்டுண்ணி காம்பில் குடியேறியிருக்கிறது. விலங்கு அதைச் சுற்றிச் சுண்ணாம்பு சுரந்து சமாளித்திருக்கிறது. நோயும் அதற்கான எதிர்ப்பும் ஒரே இடத்தில் கல்லாகியிருக்கின்றன. குழியின் ஓரம் கூர்மையாக, வீக்கமே இல்லாமல் இருந்தால் கதை வேறு: செத்தபின் யாரோ துளைத்தது.

மளிகைக்கடைக்காரரின் சேகரிப்பு

இந்தத் துறையின் அடித்தளத்தில் பொழுதுபோக்குக்காரர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. ஜெர்மனியில் ஹனோவரில் 1829-இல் பிறந்த சார்லஸ் வாக்ஸ்முத் அமெரிக்காவில் குடியேறி, அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் மளிகைக்கடை வைத்திருந்தார். உடல்நலம் சரியில்லை. திறந்தவெளியில் நடமாடும்படி மருத்துவர் சொல்ல, ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கடல் அல்லிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தச் சேகரிப்பு ஹார்வர்டின் லூயி அகாஸிஸ் கண்ணில் பட்டு, 1873-இல் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போனது. பிறகு அவர் மீண்டும் சேகரித்தார். ஃபிராங்க் ஸ்பிரிங்கர் என்ற வழக்கறிஞர் அவரோடு சேர்ந்தார். இருவரும் எழுதிய வட அமெரிக்கக் கடல் அல்லிகள் பற்றிய பெருநூல், வாக்ஸ்முத் இறந்த மறு ஆண்டு, 1897-இல் வெளியானது. துறை சார்ந்தவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

ஒரு மளிகைக்கடைக்காரரின் கற்கள் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருந்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல. எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உதிரி வில்லைகளுக்கும் இது பொருந்தும். சோவியத் நாட்டில் யெல்டிஷேவா, ஸ்டுகாலினா போன்ற ஆய்வாளர்கள், இனம் தெரியாத காம்பு வில்லைகளையே வகைப்படுத்தி, தொலைவிலுள்ள பாறை அடுக்குகளின் வயதை ஒப்பிடப் பயன்படுத்தினார்கள். எந்தப் பாறை என்று தெரிந்த வில்லையால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

எனவே எடுப்பதற்கு முன் அங்கே எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லிண்டிஸ்ஃபார்ன் இப்போது தேசிய இயற்கைக் காப்பகம். அங்கே பார்ப்பதோடு சரி. சார்மவுத் கடற்கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம், குன்றைத் தோண்டக் கூடாது. அங்குள்ள மையத்தில் கல்லைக் காட்டி விவரம் கேட்கவும் வழியிருக்கிறது. எடுத்த அன்றே ஒரு சீட்டு எழுதித் துண்டோடு சேர்த்து வைப்பது நல்லது. ‘கடல் அல்லிக் காம்பு, நான்கு வில்லைகள், நட்சத்திர வடிவம், விட்டம் இவ்வளவு மில்லிமீட்டர், சார்மவுத்துக்குக் கிழக்கே, குன்றின் அடிவாரச் சரிவில் உதிர்ந்து கிடந்தது, தேதி’ என்று இருந்தால் போதும். அதில் லத்தீன் பெயர் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தவறான பெயர் எழுதிய சீட்டைவிடப் பெயரே எழுதாத சீட்டுதான் ஆய்வாளருக்கு உதவும். பெயரை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் முகத்து வரப்புகளை எண்ணிப் பார்த்துச் சேர்த்துவிட முடியும். எடுத்த இடத்தை அவரால் எந்த நுண்ணோக்கியாலும் கண்டுபிடிக்க முடியாது.